சீட்டாவை முன்னாடியே இறக்குமதி பண்ணியிருக்கோம்

போன மாசம் விருத்தாசலத்துல ஒரு செராமிக் கடைக்குப் போனேன். அகல் விளக்கு, உண்டியலுக்கு நடுவுல உடம்பெல்லாம் புள்ளி வச்ச ஒரு பொம்மை இருந்துச்சு. "இது சிறுத்தையா அக்கா, சிவிங்கியா?"ன்னு கேட்டேன். "எல்லாம் புலிதான் தம்பி, அம்பது ரூபா"ன்னாங்க.

சிறுத்தைக்கு வளையம் வளையமா புள்ளி இருக்கும். சிவிங்கிப்புலிக்கு, அதாவது சீட்டாவுக்கு, தனித்தனிக் கரும்புள்ளி. கண்ணுலேர்ந்து வாய் வரைக்கும் கண்ணீர் வழிஞ்ச மாதிரி ஒரு கறுப்புக் கோடு. 'சீட்டா'ங்கிற பேரே இந்தியாவிலிருந்து இங்கிலீஷுக்குப் போனதுதான்.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சீட்டாக்கள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னும் 12. ஆனால் ஆப்பிரிக்க சீட்டா இந்தியா வந்தது இது முதல் தடவை இல்லை. 1918க்கும் 1945க்கும் நடுவில் கோலாப்பூர், பாவ்நகர் மாதிரி சமஸ்தானங்கள் வேட்டைக்காக அவற்றை இறக்குமதி செய்தன. ஏன்னா, உள்ளூர்ல ஸ்டாக் தீர்ந்துபோச்சு.

முகலாயர் காலத்திலிருந்தே வெளிமானைத் துரத்த சீட்டாவைப் பிடிச்சுப் பழக்கினாங்க. அக்பரிடம் ஆயிரம் இருந்ததாக ஜஹாங்கீர் எழுதுகிறார். ஆனால் அடைச்சு வச்சா அது குட்டி போடாது. ஒரே ஒரு தடவை போட்டதை அதிசயமாகப் பதிவு செய்திருக்கிறார். அப்போ ஒவ்வொண்ணும் காட்டுலேர்ந்துதான் வரணும். காப்பி பண்ண முடியாத ஃபைலை கட் மட்டும் பண்ணிக்கிட்டே இருந்தாங்க.

அதைவிடப் பெரிய அடி நிலத்துக்கு விழுந்தது. வரி வராத புல்வெளியையும் புதர்க்காட்டையும் பிரிட்டிஷ் வருவாய்த்துறை 'வேஸ்ட்' என்று எழுதியது. தான்சானியாவின் செரங்கெட்டியில் அதே மாதிரி புல்வெளியைப் பார்க்க உலகமே காசு கட்டிப் போகிறது. நாம இன்னைக்கும் "சும்மா கெடக்குற நிலம்"னுதானே சொல்றோம்?

சுதந்திரம் வந்த சமயத்தில் கோரியா மகாராஜா மூன்று சீட்டாக்களைச் சுட்டார். உறுதியான கடைசிப் பதிவு அதுதான் என்கிறார்கள். 1952இல் இந்தியாவில் சீட்டா அழிந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது.

2023 மார்ச்சில் குனோவில் குட்டிகள் பிறந்தன. அதில் மூன்று கோடை வெயிலிலேயே போய்விட்டன. செரங்கெட்டி 14,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். குனோ தேசியப் பூங்கா சுமார் 750. சீட்டா பிழைக்குமாங்கிறதைவிட, அது ஓட நாம இடம் விடுவோமாங்கிறதுலதான் எனக்கு டவுட்.

கடைக்கார அக்காகிட்ட கண்ணுக்குக் கீழே ரெண்டு கோடு போட்டுத் தரச் சொன்னேன். சுட்ட பொம்மையில இனிமே போட்டா நிக்காதாம். அடுத்த சூளைக்கு வேணா பாக்கலாம்னாங்க.