யவனர் பொன்னும் சேரநாட்டு மிளகும்

திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காட்டில், கோயிக்கல் அரண்மனையில் நாணயக் காட்சிசாலை ஒன்று உண்டு. திருவிதாங்கூர்ப் பழங்காசுகளோடு உரோமானியக் காசுகளும் அங்கே உள. கடல் கடந்த பேரரசரின் முகம் பொறித்த காசு நம் மண்ணுக்கு வந்தது எவ்வாறு?

அகநானூற்று 149-ஆம் பாட்டு இதற்கு விடை கூறும். யவனர் கலங்கள் பொன்னைக் கொணர்ந்து, மிளகை ஏற்றிக்கொண்டு முசிறியினின்று மீண்டதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அதில் பாடியுள்ளார். இது புலவர் புனைந்துரை அன்று. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என, கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி வருந்தி எழுதினார். ‘ஔரியஸ்’ என்னும் பொற்காசு ஒன்று நூறு செஸ்டர்ஸ் மதிப்புடையது. எனவே அத்தொகை ஐந்து இலட்சம் பொற்காசுகளுக்கு ஈடாகும்.

மண்ணும் இதற்குச் சான்று பகர்ந்தது. 1847-இல் கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த கோட்டயத்தில் பெரும் புதையல் ஒன்று வெளிப்பட்டது. இன்று நாம் கோட்டயம் என வழங்கும் தென்பகுதி நகரம் வேறு. ஐவர் சுமக்கும் அளவு பொற்காசுகள் கிடைத்தன என்பர். அவற்றுள் ஒரு பகுதி திருவிதாங்கூர் மன்னரிடம் வந்து சேர்ந்தது, ஆராயவும் பட்டது. ஏனையவற்றுள் பல பொற்கொல்லர் உலைக்கு இரையாயின.

அவ்விழப்பு பொன்னிழப்பு அன்று. உருக்கிய பொன் பொன்னாகவே இருக்கும். காசில் பொறித்த மன்னன் பெயரையும் பட்டங்களையும் கொண்டே அது எக்காலத்தது என நாம் துணிகிறோம். உலையில் அழிந்தது அந்த எழுத்தே. அதனோடு நம் வரலாற்றின் ஓர் ஏடும் அழிந்தது.

பிற்காலத்தார் இப்பிழையினின்று பாடம் கற்றனர். 1983-இல் வடபரவூரை அடுத்த வள்ளுவள்ளியில் கிடைத்த 252 உரோமப் பொற்காசுகள் அரசின் காப்பில் வந்தன. கேரளத் தொல்பொருள் துறை, உரோமப் பொற்காசுகளின் விவர நூலை 1992-இல் திருவனந்தபுரத்தில் வெளியிட்டது.

முசிறியின் பாட்டைத் தமிழ் ஏடு காத்தது; காசினை மலையாள மண் காத்தது. ஒன்றின்றி மற்றொன்றின் பொருள் விளங்காது. இருமொழியும் பயின்று இந்நகரில் வாழும் நமக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்கும் கடமை உண்டு. கிணறு தோண்டுகையில் பழங்காசு ஒன்று கிட்டுமாயின், அதனை நிறுத்துப் பார்க்குமுன் படித்துப் பார்க்க வல்லாரிடம் சேர்ப்போமாக.