ஒப்பந்தப்புள்ளி திறக்கும் இடம்: இந்தியத் தண்டவாளமும் உள்நாட்டுக் கொள்முதல் விதிகளும்

அரசுக் கட்டுமானங்களுக்கு உள்நாட்டு எஃகையே வாங்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2017இல் எழுத்துருப் பெற்றது. அதன் முன்வரலாறு தண்டவாளக் கொள்முதலில் கிடக்கிறது. எந்த விலையோடு ஒப்பிடுவது, ஒப்பந்தப்புள்ளியை எந்த ஊரில் திறப்பது, எதை 'இந்தியப் பொருள்' என்பது ஆகிய மூன்று கேள்விகளே அந்த வரலாற்றை நகர்த்தின என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் கேள்விக்கே இடமில்லை. 1849இன் ஒப்பந்தங்கள் ரயில்வே கம்பெனிகளின் முதலீட்டுக்கு 5 சதவீத வட்டியை உறுதி செய்தன. செலவு ஏறினாலும் வட்டி குறையாது. சிக்கனம் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லை. தண்டவாளம், இன்ஜின், பாலத்து இரும்பு எல்லாம் பிரிட்டனிலிருந்து கப்பலேறின. அரசுக்கான சாமான்களையும் லண்டனில் இருந்த இந்தியா ஆபீஸே பெரும்பாலும் வாங்கியது. இங்கே செய்து விற்க நினைத்தவர் கடல் கடந்து போய்த்தான் போட்டியிட முடியும்.

1907இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி பதிவானது. டாட்டா செய்யும் தண்டவாளம் அத்தனையையும் தின்றுகாட்டுவதாக ரயில்வே அதிகாரி சர் பிரடெரிக் அப்காட் ஏளனம் செய்ததாக ஒரு கதை உண்டு. கதை சுவையானதுதான், ஆனால் ஆய்வாளருக்குப் பயன்படுவது அதே காலத்தில் அரசு தந்த வாக்குறுதி. ஆண்டுக்கு 20,000 டன் தண்டவாளத்தைப் பத்தாண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது. தரம் பிரிட்டிஷ் அளவுகோலுக்கு ஒத்திருக்க வேண்டும். விலை இறக்குமதி விலையைத் தாண்டக் கூடாது. சந்தை உறுதியாயிற்று, விலைச் சலுகை கிடைக்கவில்லை. 1912இல் ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்கப்பட்டது. ஆயினும் 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதிக்கான இரும்பு இங்கிலாந்திலேயே செய்யப்பட்டது.

அரசின் மனத்தை மாற்றியது முதல் உலகப் போர். கப்பல்கள் வராதபோது மெசொப்பொத்தேமியா ரயில் பாதைக்கு ஜாம்ஷெட்பூர் தண்டவாளமே போயிற்று. சர் தாமஸ் ஹாலந்து தலைமையிலான தொழில் ஆணையம் 1918இல் அறிக்கை தந்தது. அரசுக் கொள்முதலை இந்தியாவிலேயே நடத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1922இல் இந்தியப் பண்டகத் துறை உருவானது. 1924இன் எஃகுப் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதிக்கு வரி விதித்து, உள்நாட்டுத் தண்டவாளத்துக்கு டன்னுக்கு இவ்வளவு என்று மானியமும் கொடுத்தது. இதைவிட ஆழமான மாற்றம், 1920களின் இறுதியில் வந்த 'ரூபாய் டெண்டர்' விதி என்பது என் கணிப்பு. ஒப்பந்தப்புள்ளி இந்தியாவில் கோரப்படும், விலை ரூபாயில், இங்கே ஒப்படைக்கும் நிலையில் சொல்லப்படும். சலுகை எதுவும் சேர்க்காமலே லண்டனின் சௌகரியம் இதில் கழிந்துபோனது. 1943இல் திறந்த ஹௌரா பாலத்தின் 26,500 டன் எஃகில் ஏறக்குறைய 23,000 டன் டாட்டாவுடையது. இதில் விதிக்கு மட்டுமல்ல, மறுபடியும் வந்த போருக்கும் பங்குண்டு.

விடுதலைக்குப் பின் பிலாயின் பொதுத்துறை ஆலை தண்டவாளம் செய்யத் தொடங்கியதும், வாங்குபவரும் விற்பவரும் அரசே ஆயினர். விதியை நுணுக்கி எழுதும் தேவை அப்போது மங்கியது. இறக்குமதி உரிமக் கட்டுப்பாடே வேலியாக இருந்தது. 1991இன் தாராளமயத்துக்குப் பின் அந்த வேலி போயிற்று.

2017 மே மாதத்தின் எஃகுக் கொள்கையும் ஜூன் மாதத்தின் பொதுக் கொள்முதல் ஆணையும் இந்த வெற்றிடத்தில் வந்தவை. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடு அல்ல என்பதால் இதற்குச் சட்டத்தடை குறைவு. அந்த ஆணையின் 2020 திருத்தம், பொருளில் உள்நாட்டு மதிப்பு 50 சதவீதத்துக்குக் குறையாத விற்பனையாளரை முதல் வகுப்பாகவும், 20 சதவீதத்துக்கு மேலுள்ள விற்பனையாளரை இரண்டாம் வகுப்பாகவும் பிரித்தது. 200 கோடி ரூபாய்க்குக் குறைந்த கொள்முதலில் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி பொதுவாகக் கிடையாது என்றது. ஆனால் வெளிநாட்டுப் பாளத்தை வாங்கி இங்கே உருட்டினால் அது இந்திய எஃகா? சதவீதக் கணக்கு இதற்குத் தெளிவான விடை தரவில்லை. 2025இல் எஃகுக் கொள்கை திருத்தப்பட்டபோது, எஃகு இந்தியாவிலேயே உருக்கி வார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 1907இல் அரசு கேட்டது விலையையும் தரத்தையும். இப்போது கேட்பது உலையின் முகவரியை.