அம்பலக்காடு முதல் கோலாலம்பூர் வரை: தமிழ் நூலெழுத்தின் மரபுவடிவம்

உரோமன் எழுத்துகளில் கோட்டின் முனையில் அமையும் சிறு குறுக்குக்கோட்டினைச் செரிப் என்பர். மேலை நாட்டு நூல்களும் இதழ்களும் நெடுங்காலமாக இவ்வகை எழுத்துருவிலேயே அச்சாகி வந்துள்ளன. தமிழெழுத்தில் இத்தகைய முனைக்கோடு இல்லை. ஒரே எழுத்துக்குள் தடித்தும் மெலிந்தும் செல்லும் கோட்டு வேறுபாடே இங்கு அதன் இடத்தை நிரப்புகிறது. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டில் இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் இடமில்லை. எனவே நாம் மரபு எழுத்து என்று கருதும் நூலெழுத்து ஓலையின் நேர் வழித்தோன்றல் அன்று. அச்சுக்கூடம் வளர்த்த வடிவம் என்பதே பொருத்தமாகும்.

கோவாவில் 1577-இலும் கொல்லத்தில் 1578-இலும் வார்க்கப்பெற்ற எழுத்துகளின் மாதிரிகளைத் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலில் காணலாம். அதற்கு ஒரு நூற்றாண்டின்பின், 1679-இல், அந்தாம் தெ புரொயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அம்பலக்காட்டில் அச்சேறியது. அதற்கான எழுத்துகள் மரத்தில் வெட்டப்பட்டவை என்பர். இவ்வகராதியின் நிழற்படிவப் பதிப்பினை, வத்திக்கான் நூலகத்துப் படியைக் கொண்டு, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1966-இல் கோலாலம்பூரில் வெளியிட்டது. பதிப்பித்தவர் அப்போதைய துறைத்தலைவர் தனிநாயகம் அடிகளார். முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் நடைபெற்றதும் அவ்வாண்டிலேயே. அகராதியைப் புதிதாக அச்சுக்கோக்காமல் பக்கங்களை உள்ளவாறே படியெடுத்தது சிறந்த முடிவு என்பது என் கருத்து. எகர ஏகார வேறுபாட்டிற்கு இன்றைய வரிவடிவைத் தந்தவராக மரபில் போற்றப்பெறும் வீரமாமுனிவர் பிறந்ததே 1680-இல்தான். இன்றைய எழுத்தில் கோத்திருந்தால் மூலத்தில் இல்லாத வேறுபாடுகளைப் பதிப்பாளரே புகுத்த நேர்ந்திருக்கும்.

எழுத்தின் அளவும் வரலாற்றிற்கு உரியது. ஆலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்து தாளை விழுங்கின. சீகன்பால்கு குழுவினர் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை நிறைவு செய்தனர். 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதியைச் சென்னை அமெரிக்க மிசன் அச்சகம் 1862-இல் ஒரே தொகுதியாக வெளியிட்டது. நுண்ணிய எழுத்தின்றி இஃது இயன்றிராது.

ஈய எழுத்தின் மற்றொரு சுமை எண்ணிக்கை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்பனவும் சேர்ந்த பதின்மூன்றும் முன்னர்த் தனிவடிவங்களைக் கொண்டிருந்தன. பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் இவற்றைச் சீர்மைப்படுத்தினார். தமிழக அரசு 1978-இல் அதனை ஏற்று ஆணையிட்டது. சிங்கப்பூர் 1983-இல் பின்பற்றியது. மலேசியப் பள்ளி நூல்களிலும் இன்று அச்சீர்மையே வழங்குகிறது. அச்சுக்கோப்பவர்க்கும் கற்கும் சிறார்க்கும் இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதற்கு ஒரு விலையும் உண்டு. சுங்கை பூலோ, கிள்ளான் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் பாட்டனார் காலத்து நூல்களைச் சிலவேளை வகுப்பிற்குக் கொண்டுவருவதுண்டு. துதிக்கை போல் வளைந்த 'லை' அவர்களை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இடரெல்லாம் றா, ணா, னா மூன்றிடத்தே. அவற்றின் பழைய வடிவில் கால் தனித்து நிற்பதில்லை. எழுத்தின் இறுதிக்கோடே கீழிறங்கிச் சுழியும். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேச'னின் தொடக்ககால ஏடுகளை ஆராயப் புகும் மாணவர்க்கும் இதே நிலைதான்.

கணினி இச்சிக்கலின் தன்மையையே மாற்றிவிட்டது. யுனிகோடு முறையில் லகரமும் ஐகாரக் குறியும் குறியீடுகளாக மட்டுமே பதிவாகின்றன. துதிக்கை வடிவா, புதுவடிவா என்பதை முடிவு செய்வது எழுத்துரு. ஈய எழுத்துக் காலத்தில் பழைய வடிவைப் பேணுவது பெட்டியறைகளைப் பெருக்குவதாக இருந்தது. இன்று மூலபாடத்தின் ஒரு குறியீட்டையும் மாற்றாமல், தேடும் வசதியும் குன்றாமல், அதே பாடத்தை இருவடிவிலும் காட்டலாம்.

எனினும் எழுத்துரு வடிவமைப்பு நெடுங்காலம் வேறு திசையில் சென்றது. விண்டோஸ் 2000-உடன் வந்த லதா ஏறத்தாழ ஒரே தடிமனுள்ள கோடுகளால் ஆனது. திரைக்குப் பொருந்தும், நானூறு பக்க நூலுக்கு அன்று. மலேசியரான முத்து நெடுமாறன் ஆப்பிள் கணினிகளுக்காக அமைத்தவற்றுள் 'தமிழ் எம்.என்.' தடிப்பும் மெலிவும் கலந்த நூலெழுத்து மரபினது. 'தமிழ் சங்கம் எம்.என்.' சீரான கோட்டினது. இரண்டும் வேண்டும் என்று உணர்ந்து செய்த பணி அது. கூகுளின் நோட்டோ வரிசையும் தமிழுக்குச் செரிப் வகை ஒன்றைத் தனியே வழங்குகிறது.

மலேசியத் தமிழின் பழைய இதழ்களையும் நூல்களையும் மறுபதிப்புச் செய்வோர் இப்பதின்மூன்று வடிவங்களும் அடங்கிய நூலெழுத்து ஒன்றை வடிவமைப்பாளரிடம் கேட்டுப் பெறலாம். நிழற்படிவம் ஒரு பக்கமும், அதே பாடம் தேடத்தக்க எழுத்தில் எதிர்ப்பக்கமுமாகப் பதிப்பித்தால், மாணவர் பழைய வடிவைப் படித்துப் பழகுவதற்குத் தனிப்பாடநூல் வேண்டியிராது.