எண்ணே பெயராகிப் போன கதை

கைத்தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்ட ஒருவருக்கு முதலில் வரும் கவலை என்ன? வாட்ஸ்அப் என்ன ஆகும் என்பதுதான். உறவினர், கோயில் நிர்வாகம், பிள்ளையின் பள்ளி என எல்லாத் தொடர்புகளும் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. வெறும் தொலைபேசி எண் எப்படி மனிதரின் அடையாளமாக மாறியது? இதன் வரலாறு அண்மைக் காலத்ததுதான்.

1992 டிசம்பர் 3ஆம் தேதி பிரிட்டனில் உலகின் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஒருவர் பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் மட்டுமே எண் தேவைப்பட்ட காலம் அது. இணைய அரட்டை வேறு உலகமாக இருந்தது. 1996இல் இஸ்ரேலின் மிராபிலிஸ் நிறுவனம் ‘ஐசிக்யூ’ சேவையைத் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் தனி எண் ஒன்றைக் கொடுத்தது. அதற்கும் தொலைபேசிக்கும் தொடர்பில்லை. 1998இல் யாஹூவும் 1999இல் எம்எஸ்என்னும் வந்தன. பயனீட்டாளர்கள் விரும்பிய புனைபெயரில் உரையாடினார்கள். தொலைபேசி எண்ணைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனால் பெயரும் கடவுச்சொல்லும் மறந்துபோகும், நண்பர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்க்க வேண்டும் என்ற சிரமங்கள் இருந்தன.

இதற்கிடையே கைத்தொலைபேசி எண்ணின் தன்மையே மாறியது. பெயரில்லாத முன்கட்டண அட்டைகள் தவறாகப் பயன்படுவதைத் தடுக்க, 2005 நவம்பர் 1 முதல் சிங்கப்பூரில் அவற்றை அடையாள ஆவணம் காட்டிப் பதிந்துகொள்வது கட்டாயமானது. மலேசியா 2006இல் அதே வழியைப் பின்பற்றியது. அதுவரை கடையில் வாங்கிப் போட்ட எண், அடையாள அட்டையுடனும் கடப்பிதழுடனும் பிணைக்கப்பட்டது. 2008இல் இரு நாடுகளிலும், நிறுவனம் மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. முதல் மாற்றம் எண்ணுக்கு உரிமையாளர் யார் என்பதைப் பதிவு செய்தது. இரண்டாவது, அந்த எண் அவரிடமே நிலைத்திருக்க வழி செய்தது.

மூன்றாவது மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் ஜான் கூமும் பிரையன் ஆக்டனும். 2009இல் அவர்கள் வளர்த்தெடுத்த வாட்ஸ்அப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கவில்லை. எண்ணைக் கொடுத்தால் ஆறு இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியில் வரும். அதை உள்ளிட்டால் போதும். கைத்தொலைபேசியின் முகவரிப் புத்தகத்தைச் செயலி படித்து, அதிலுள்ள யார் யார் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டிவிடும். கணினி அறியாத பாட்டிகளும் இதனால் எளிதாகச் சேர முடிந்தது. வைபர், டெலிகிராம், சிக்னல் ஆகியவையும் எண்ணையே கேட்டன. 2014இல் பேஸ்புக் 1,900 கோடி அமெரிக்க டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. மலேசியத் தமிழர்கள் அதற்குப் ‘புலனம்’ என்று பெயரிட்டுக் கொண்டார்கள்.

வசதிக்கு விலை இல்லாமல் இல்லை. குழுவில் சேரும் ஒரு பெண்ணின் எண், அதிலிருந்த முன்பின் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. 2019 ஹாங்காங் ஆர்ப்பாட்டங்களின்போது, எண்களை வரிசையாக முகவரிப் புத்தகத்தில் ஏற்றி, டெலிகிராம் குழுக்களில் இருப்பவர்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற அச்சம் எழுந்தது. எண்ணை மறைக்கும் வசதியை டெலிகிராம் அதே ஆண்டில் வலுப்படுத்தியது. 2025இல் வியன்னா ஆய்வாளர்கள் எண்களைப் பெருமளவில் அனுப்பிச் சோதித்து, சுமார் 350 கோடி வாட்ஸ்அப் கணக்குகள் இருப்பதை உறுதிசெய்து காட்டினர். அதன்பின் வாட்ஸ்அப் கட்டுப்பாடுகளை இறுக்கியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எண் நமக்குச் சொந்தமானதல்ல; தொலைபேசி நிறுவனம் பயன்படுத்தக் கொடுத்தது. காலாவதியான எண்ணைப் பின்னர் வேறொருவருக்கு வழங்கிவிடுவார்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை ஏமாற்றி வாங்கிக் கணக்கையே கைப்பற்றும் மோசடி பற்றி, இங்குள்ள காவல்துறையினர் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள்.

இப்போது பெயர்கள் திரும்பி வருகின்றன. சுவிட்சர்லாந்தின் ‘திரீமா’ 2012 முதலே எண் இல்லாமல் இயங்கி வருகிறது. 2024 பிப்ரவரியில் சிக்னல், எண்ணை மறைத்துப் பயனர் பெயரால் தொடர்புகொள்ளும் வசதியைத் தந்தது. ஆனால் பதிவு செய்ய எண் இன்னமும் வேண்டும். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஐசிக்யூ மூடப்பட்டது.

பயனீட்டாளர்கள் செய்ய வேண்டியவை இரண்டு. வாட்ஸ்அப் 2017இல் அளித்த இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே இயக்கிவிட வேண்டும். பழைய எண்ணைக் கைவிடுவதற்கு முன்பே, கணக்கைப் புதிய எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். வீட்டிலுள்ள முதியவர்களுக்கு இதைச் செய்து கொடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு.