பெரியம்மாவின் மாத்திரையும் மோமோவின் இதயமும்

இந்த எபிசோட் முழுக்க என் குரல் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும். மைக் கோளாறு இல்லை. எல்லீஸ் நகர் வீட்டில், ராத்திரி பதினோரு மணிக்கு ரெகார்ட் பண்றேன். காலடியில் மோமோ தூங்குறா. சத்தம் கேட்டா எழுந்து குதிப்பா. அவ குதிக்கக் கூடாது. அஞ்சு மாசமா இந்த வீட்டில் இருக்கிற ஒரே சட்டம் அதுதான்.

மோமோ குவாஹாத்தித் தெருவில் பிறந்தவள். அங்கே வேலை பார்த்த என் ஃப்ரெண்டு மதுரைக்கு வரும்போது கூட்டிட்டு வந்தான். அப்புறம் அவன் பெங்களூரு போயிட்டான், இவ என்கிட்டயே தங்கிட்டா. பங்குனி மாசம் இருமல் ஆரம்பிச்சது. தெருமுனை வரைக்கும் நடந்தாலே உட்கார்ந்துடுவா. டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வச்சு என்னைப் பார்க்கச் சொன்னார். நூல் துண்டு மாதிரி ஏதோ நெளியுது. ஒண்ணு ரெண்டு இல்லை, நிறைய. ஹார்ட்வார்ம், இதயப்புழு. நான் பார்த்தது குட்டிகள். தாய்ப்புழு ஒரு அடி நீளம் வரை வளரும், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாயில் குடியிருக்கும். கொசு வழியாத்தான் பரவும். நம்ம நாட்டில் வடகிழக்குப் பக்கம் இது நல்லாவே உண்டு.

அந்த வாரம் கும்பகோணத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தாங்க. முப்பது வருஷமா அவங்களுக்கு வலது காலில் யானைக்கால் வீக்கம். “யானைக்கால் புழுவுக்கு இது சொந்தக்காரப் புழுவாம் பெரியம்மா, இதுவும் கொசுவாலதான் வருமாம்”னு சொன்னேன். அவங்க மோமோவையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. சுருக்குப்பையிலிருந்து ஒரு பழைய மாத்திரை அட்டையை எடுத்தாங்க. “எனக்குக் கவர்மென்ட்டு ஆஸ்பத்திரியில குடுத்ததுடா. பாதி குடு, பாவம், வாயில்லா ஜீவன்.”

எனக்கும் நியாயமாத்தான் பட்டது. பாதியா முழுசான்னு கேட்கத்தான் டாக்டருக்கு ஃபோன் பண்ணேன். அவர் போட்ட சத்தம் பெரியம்மாவுக்கே கேட்டது. ரத்தத்தில் இத்தனை குட்டிப்புழு இருக்கிற நாய்க்கு அதைக் குடுத்தா, எல்லாம் ஒரே நேரத்தில் செத்து, ஒரு மணி நேரத்துக்குள்ளே நாய் ஷாக்கில் விழலாம், செத்தும் போகலாம். அந்த ஃபோனைப் பண்ணாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கும் சில ராத்திரி யோசிக்கிறேன்.

அந்த மாத்திரையோட பேர் டைஎத்தில்கார்பமசின். சுருக்கமா டி.இ.சி. அது எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

மோமோவோட புழுவுக்குப் பேர் வச்சவர் ஜோசப் லெய்டி, அமெரிக்கர், 1856-ல். ‘இம்மிட்டிஸ்’னா லத்தீனில் இரக்கமில்லாததுன்னு அர்த்தம். 1872-ல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ்ங்கிற ராணுவ டாக்டர் மனுஷ ரத்தத்தில் இதே மாதிரி நெளியற குட்டிகளைப் பார்த்தார். 1877-ல் சீனாவோட அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் தன் தோட்டக்காரரையே கொசுவுக்குக் கடிக்கக் குடுத்து, கொசு வயித்துக்குள்ள அந்தப் புழு வளர்றதைக் கண்டுபிடிச்சார். தோட்டக்காரர்கிட்ட யாராவது சம்மதம் கேட்டாங்களான்னு என்னைக் கேட்காதீங்க. ஆனா ஒரு இடத்தில் மேன்சன் சறுக்கினார். கொசு தண்ணியில் விழுந்து சாகும், அந்தத் தண்ணியைக் குடிச்சா நோய் வரும்னு நினைச்சார். கொசுக்கடியிலேயே புழு உள்ளே இறங்குதுன்னு 1900-ல்தான் தெளிவாச்சு. மனுஷப் புழுவை வச்சு லண்டனில் ஜார்ஜ் லோ, நாய்ப்புழுவை வச்சு இத்தாலியில் கிராஸியும் நோயேயும், ரெண்டும் அதே வருஷம். ஆரம்பத்திலிருந்தே நாயோட கதையும் மனுஷனோட கதையும் பக்கத்துப் பக்கத்திலதான் நடந்திருக்கு.

இப்போ நம்ம சென்னைக்கு வருவோம். எல்லாப்ரகட சுப்பாராவ், 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படிச்சவர். காந்தி பேச்சைக் கேட்டு ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் அங்கி போட்டுட்டுப் போனார். சர்ஜரி புரொபசருக்குக் கோபம். கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கலை, அதுக்குக் கீழே இருந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைச்சது. 1920-களில் ஹார்வர்டு, 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனி. ரெண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க சிப்பாய்கள் யானைக்கால் புழுவோட திரும்பி வந்தாங்க. மருந்து தேடின லெடர்லி குழுவில் சுப்பாராவ் இருந்தார். 1947-ல் டி.இ.சி. வந்தது. அதை எதில் சோதிச்சாங்க தெரியுமா? பருத்தி எலிகளிலும், இதயப்புழு இருந்த நாய்களிலும். அடுத்த வருஷமே, 1948-ல், சுப்பாராவ் இறந்துட்டார்.

அதாவது பெரியம்மா சுருக்குப்பையில் இருந்த மாத்திரை, மோமோ மாதிரி நாய்கள் வழியாத்தான் பெரியம்மாகிட்ட வந்திருக்கு. பெரியம்மா சொன்னதில் பாதி உண்மையும் இருக்கு. பல வருஷம் அமெரிக்காவில் நாய்களுக்கு இதே டி.இ.சி.யை இதயப்புழு வராமல் தடுக்க தினமும் குடுத்தாங்க. ஆனா முதல்ல ரத்தத்தைச் சோதிச்சு, குட்டிப்புழு இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத்தான்.

தாய்ப்புழுவைக் கொல்றது வேற கதை. அதுக்கு 1940-களின் கடைசியிலிருந்து ஆர்சனிக், அதாவது பாஷாணம். நரம்பில் போடணும், கொஞ்சம் வெளியே கசிஞ்சாலும் தோல் வெந்துடும். 1995-ல் அமெரிக்காவில் மெலார்சொமைன் வந்தது. அதுவும் ஆர்சனிக்தான், ஆனா இடுப்புச் சதையில் ஆழமா போடற ஊசி. எங்களுக்கு அது கிடைக்கலை. அதனால டாக்டர் மெதுவான வழியை எடுத்தார். முதல் மாசம் டாக்ஸிசைக்ளின், புழுவுக்குள்ள வாழற ஒரு பாக்டீரியாவைக் கொல்ல. அது செத்தா புழு பலவீனமாகும். கூடவே மாசாமாசம் ஐவர்மெக்டின், டாக்டர் சொல்ற சின்ன அளவில். ஜப்பானில் சதோஷி ஓமுரா ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கத்தில் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்தான் இதுக்கு மூலம். முதல்ல கால்நடைக்கு வந்தது, அப்புறம் மனுஷனுக்கு. 2015-ல் அவருக்கும் வில்லியம் கேம்ப்பெலுக்கும் நோபல். 2017-லிருந்து உலக சுகாதார நிறுவனம் சில இடங்களில் யானைக்காலுக்கு டி.இ.சி.யோட இதையும் சேர்த்துக் குடுக்கச் சொல்லுது.

எந்த மருந்தா இருந்தாலும் பெரிய ஆபத்து புழு சாகறதிலதான் இருக்கு. செத்த புழு துண்டு துண்டா நுரையீரலுக்குப் போய் குழாயை அடைக்கும். நாய் ஓடினா ரத்த ஓட்டம் கூடும், அடைப்பு உயிரை வாங்கிடும். அதனால் ஓய்வும் மருந்து மாதிரிதான். மெதுவான வழியில் ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகலாம். பதினாலு கிலோ நாயை ரெண்டாம் மாடியிலிருந்து தூக்கிட்டு இறங்கணும், கயிறைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம், மறுபடி தூக்கிட்டு ஏறணும். எனக்கு முதுகு போச்சு. அழகர் ஆத்துல இறங்கின அன்னிக்கு ஊரே வைகையில் இருந்தது. நான் ஜன்னலை எல்லாம் சாத்திட்டு, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, அவ காதைப் பொத்திட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் அவ நெஞ்சு அடிச்சுக்கறது என் கையில் தெரிஞ்சது.

இன்னொரு கவலையும் இருந்தது. எங்க வீட்டுப் பின்னாடி கிருதுமால். ஒரு காலத்தில் நதி, இப்போ சாக்கடை. யானைக்காலைப் பரப்புற க்யூலெக்ஸ் கொசுவுக்கு அந்த மாதிரி தண்ணிதான் தொட்டில். நோய் பரப்புற பூச்சிகளை ஆராயறதுக்குன்னே 1985-ல் சின்ன சொக்கிகுளத்தில் ஐ.சி.எம்.ஆர். மையம் ஒண்ணு வந்தது, ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதே க்யூலெக்ஸ் மோமோவைக் கடிச்சுட்டு அடுத்த தெரு நாயைக் கடிச்சா? குவாஹாத்தியிலிருந்து புழுவை ஊருக்குக் கொண்டு வந்தது நாங்கதானே. அதனால அவளும் கொசுவலைக்குள்ளதான் தூங்குறா.

பெரியம்மா ஆடியில் மறுபடி வந்தாங்க. சாயங்காலம் ஒரு வாளித் தண்ணி, சோப்பு, பழைய துண்டு. காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைக்கணும், இல்லைன்னா புண் வந்து காய்ச்சல் அடிக்கும். முப்பது வருஷமா தினமும் செய்யறாங்க. மோமோ அந்த வாளி பக்கத்தில் போய்ப் படுத்துக்குவா. “ஓடாம கிட, நானும் ஓடாமதான் கிடக்கேன்”னு பெரியம்மா அவகிட்ட சொல்லுவாங்க.

குட்டிப்புழு இப்போ ரத்தத்தில் இல்லை. தாய்ப்புழு இருக்கான்னு பார்க்கற டெஸ்ட் அடுத்த வருஷம். இருங்க, எழுந்துட்டா. நான் போய் அவளைப் பிடிக்கணும்.