விலங்குரு மயக்கம்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

தாம் மனிதரல்லர், விலங்காக மாறிவிட்டோம் என ஒருவர் ஐயமற நம்பும் உளநோயை மேலைநாட்டார் 'லைகாந்திரப்பி' என்பர். ஓநாயையும் மனிதனையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பெயரைக்கொண்டு இந்நோயை ஐரோப்பியர்க்கே உரியதாகக் கருதுதல் பொருந்தாது. ஆயுர்வேதமும் சித்தமும் யுனானியும் அயலயலே வழங்கும் கிழக்கிலங்கையிலிருந்து நோக்குவார்க்கு இது எளிதிற் புலப்படும். இறக்கக்கண்டிக்குத் தெற்கே, கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இன்று பல்கலைக்கழகப் பாடமாகவே உள்ளது.

முதற்கண் பழங்கதையையும் நோயையும் வேறுபடுத்தல் வேண்டும். யாழ்ப்பாண வைபவமாலை கூறும் சோழ இளவரசி குதிரைமுகம் கொண்டிருந்து, கீரிமலைத் தீர்த்தமாடி அது நீங்கப்பெற்றவள். அம்முகத்தை எல்லோரும் கண்டனர். நோயாளியின் விலங்கையோ அவனன்றிப் பிறர் காணார்.

சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் பேய்பிடித்த உன்மத்தத்தை எட்டாக வகுக்கின்றது. அவற்றுள் ஒன்று நாகத்தாற் பற்றப்பட்ட நிலை. அந்நோயாளி சிலவேளைகளிற் பாம்பெனத் தரையில் ஊர்வான். கடைவாயை நாவால் நக்குவான். வெல்லம், தேன், பால், பாயசம் ஆகியவற்றை விரும்புவான். அவன் தன்னைப் பாம்பென்றே எண்ணினானா என்பதை நூல் கூறவில்லை. எனினும் அவன் விரும்பும் உணவு ஊன்றி நோக்கற்பாலது. காட்டுப் பாம்பு வெல்லத்தையோ பாயசத்தையோ நாடுவதில்லை. தவளையையும் எலியையுமே உண்பது. நோயாளி பின்பற்றியது புற்றடியிற் பாலூற்றி வழிபடப்பெறும் பாம்பை. நோய் உடலுக்குரியதோ உள்ளத்துக்குரியதோ, அது மேற்கொள்ளும் விலங்கு ஊராரின் விலங்கே என்பது எமது துணிபு.

யுனானி மரபிலும் இதற்கு இடமுண்டு. இரவிற் கல்லறைகளிடையே ஓநாய்போலத் திரிவோரைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டிற் சீடே நகரத்து மார்செல்லஸ் துயருளநோயாளர் எனக் கொண்டு விவரித்தார். இப்னு சீனா (980–1037) இதனைக் 'குத்ருப்' என்றார். நீர்மேல் ஓயாது அலையும் ஒரு சிறு பூச்சியின் பெயர் அது. ஓநாய் பூச்சியாயிற்று, கல்லறையும் இரவும் மாறவில்லை.

மருத்துவரின் இவ்வறிவு நீதிமன்றத்தை எட்டாதவிடத்து நேர்ந்த கேடு பெரிது. பிரான்சுப் பகுதியில் கில் கார்னியே என்பவன் ஓநாய்மனிதன் எனத் தீயிலிடப்பட்டான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின்பின், 1603இல், தன்னை ஓநாய் என்று கூறிய ழான் கிரெனியே என்னும் சிறுவனைப் போர்தோ நீதிமன்றம் அறிவு பேதித்தவனாகக் கண்டு மடமொன்றில் அடைத்தது. இதனாற் கீழைத்தேயத்தார் பெருமை கொள்வதற்கில்லை. உன்மத்தரைப் பல் பிடுங்கிய பாம்பினால் அச்சுறுத்துமாறு சரகர் விதித்துள்ளார்!

இக்காலத்தில் இந்நோய் மிக அருகியே பதிவாகின்றது. 1988இல் அமெரிக்க ஆய்வாளர் பன்னிருவரை விவரித்தனர். மனப்பிளவு நோய், கடுஞ்சோர்வு முதலியவற்றின் ஒரு கூறாக இது தோன்றுவதும், அடிப்படை நோய்க்கு மருத்துவஞ் செய்யப் பெரும்பாலும் தணிவதும் அறியப்பட்டுள்ளன. 2010இல் சண்டிகாரிலிருந்து வெளியான அறிக்கையொன்று மின்னதிர்ச்சிச் சிகிச்சையின் பயனைப் பதிவுசெய்தது.

இதற்கு உறவானதொரு நிலை 2003இல் மேற்கு வங்கத்துக் கிராமங்களிலிருந்து அறிவிக்கப்பட்டது. நாய் கடித்தோர் தம் வயிற்றில் நாய்க்குட்டிகள் வளர்வதாக நம்பினர். அவருள் ஆண்களும் இருந்தனர். அவர்கள் நாடிச் சென்றது ஊர் ஓஜாக்களை. கடித்த நாய் விசர்நாயாயின், தடுப்பூசியின்றி ஓஜாவின் மருந்துக்குக் காத்திருக்கும் நாட்களே உயிரைக் கொள்வன.