மூளையின் இரத்த ஓட்டமும் ஆக்சிஜன் செலவும்: அளவீட்டு வரலாறும் கள்ளக்குறிச்சியின் தேவையும்

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மனித மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதாலும், அதைச் சேமித்து வைக்கும் வசதி அதற்கு இல்லாததாலும், இரத்த ஓட்டமும் அவ்வோட்டத்திலிருந்து உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் சேர்ந்தே அதன் நலனைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் ஒருசேர அளப்பதில் தொடங்கிய ஆய்வு, எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு வந்தபின் ஓட்டத்தை அளப்பதில் விரைந்து முன்னேறி, ஆக்சிஜன் செலவை அளப்பதில் நெடுநாள் பின்தங்கியது.

1940-களில் பிலடெல்ஃபியாவில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் வகுத்த முறையில், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை மிகக் குறைந்த அளவில் 10 நிமிடம் சுவாசிப்பவரின் தமனியிலிருந்தும், மண்டையோட்டின் அடியில் மூளையை விட்டு வெளியேறும் கழுத்துச் சிரையிலிருந்தும் இரத்தம் எடுக்கப்பட்டது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 54 மில்லிலிட்டர் இரத்தம் பாய்வதாக அவர்கள் கண்டனர். இரு மாதிரிகளின் ஆக்சிஜன் வேறுபாட்டிலிருந்து மூளையின் ஆக்சிஜன் செலவும் கிடைத்தது. ஊசியின் துன்பமும், மூளை முழுவதற்குமான சராசரி மட்டுமே கிடைப்பதும் இம்முறையின் குறைகளாக இருந்தன.

ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தால் ஈர்க்கப்படுவதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936-இல் காட்டியிருந்தனர். அப்பண்பைக் கொண்டு 1990-இல் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையைப் படமெடுத்தார். எனினும் ஓட்டம், இரத்த அளவு, ஆக்சிஜன் செலவு மூன்றும் அந்தச் சமிக்ஞையில் கலந்தே வருவதால், ஓட்டத்தின் அளவு தனியே கிடைக்கவில்லை. காடோலினியம் என்னும் மருந்தைச் சிரையில் செலுத்தி 1991-இல் ஜான் பெல்லிவோ குழுவினர் மனித மூளையின் செயற்பாட்டைப் படம்பிடித்தனர். அம்மருந்து கடுமையான சிறுநீரக நோயாளிகளுக்குத் தோல் இறுகும் நோயைத் தரக்கூடும் என்பது 2006-இல் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1992-இல், ஜான் டெட்ரே, டொனால்ட் வில்லியம்ஸ் குழுவினர் மருந்தே தேவைப்படாத வழியை எலிகளில் நிறுவியிருந்தனர். கழுத்தைக் கடக்கும் தமனி இரத்தத்திலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தலைகீழாகத் திருப்பி, அவை மூளைக்குச் சென்று சேர ஏறத்தாழ 2 நொடி காத்திருந்து ஒரு படமும், திருப்பாமல் மற்றொரு படமும் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஓட்டம் தெரிகிறது. வேறுபாடு 1 விழுக்காட்டளவே என்பதால், சில நிமிடம் இதையே பலமுறை செய்து சராசரி காண வேண்டும். அதுவரை நோயாளி தலையை அசைக்கக் கூடாது.

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கொடுமை, ஓட்டத்தை மட்டும் அளப்பதன் போதாமையைக் காட்டுகிறது. கல்லீரலில் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாற, அது உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கிறது. ஆகவே, இரத்தம் வந்துகொண்டிருந்தாலும் பார்வை நரம்பும், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் புட்டாமென் என்னும் உட்பகுதியும் சிதையக்கூடும். இங்கு ஓட்டத்தின் அளவு மட்டுமே நல்ல செய்தி சொன்னால் அதை நம்பிவிட முடியாது. 2008-இல் ஹான்சாங் லூ, யூலின் கே ஆகியோர் வெளியிட்ட முறை, மூளையின் மேற்புறப் பெருஞ்சிரையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனைக் காந்தச் சமிக்ஞையாலேயே அளப்பதால், ஓட்ட அளவீட்டுடன் அதைச் சேர்க்கும்போது கெட்டியின் இரட்டை அளவீடு ஊசி இல்லாமல் மீண்டும் கைக்கு வந்தது. மூளை முழுவதற்குமான சராசரியையே அது தருகிறது என்றாலும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கும் காடோலினியமின்றிச் செய்யலாம் என்பது பெரிய வசதி.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாகி, அதன் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட பின்னரும், 2024-இல் நோயாளிகள் பலர் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டனர். கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியில் வாழும் பழங்குடியினருக்கோ, கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவதே நெடும்பயணம். எம்.ஆர்.ஐ. கருவி உள்ள இடத்தில், ஓட்டத்தையும் ஆக்சிஜன் செலவையும் அளக்கக் கூடுதலாக வேண்டியவை ஏற்ற மென்பொருளும் பயிற்சி பெற்ற பணியாளருமே. மெத்தனால் நச்சிலிருந்து உயிர் பிழைத்தோரின் பார்வையையும் அசைவையும் ஆண்டுதோறும் சோதித்து, மூளையின் ஓட்டத்தையும் ஆக்சிஜன் செலவையும் சேர்த்து அளந்து பதிவுசெய்யும் பணியை மாவட்ட மருத்துவக் கல்லூரி ஜிப்மருடன் இணைந்து மேற்கொள்ள வேண்டும். அதற்கான செலவை அரசு ஏற்க வேண்டும்.